புதுக் கோப்பு இல்லை, ஓகே

போன மாதம் வசந்தி போன் செய்தாள். நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் பிரிவுக்கு இப்போது அவள்தான் தலைமை. நான் ஓய்வு பெற்று வருடக்கணக்காகிவிட்டது. ஆனாலும் பழைய விஷயம் எதிலாவது முட்டிக்கொண்டால் என்னைத்தான் கூப்பிடுவாள்.

"தனா அக்கா, ஒரு டவுட்டு லா. அலர்ஜி ரெஜிஸ்டர் இருக்குல்ல, அதுக்கு மட்டும் மணிக்கு ஒரு லாக் கோப்பு வெளியே போய்க்கிட்டே இருக்கு. உள்ளே பார்த்தா ஒன்னுமே இல்ல. ஒரு நாளைக்கு நாலஞ்சு எண்ட்ரி வந்தாலே பெருசு. இருபத்து நாலு கோப்புல இருபது வெறுங்கோப்பு. இடம்தான் வேஸ்ட். எந்தப் புண்ணியவான் இப்படி ரூல் போட்டது? எடுத்துடவா?"

"நான்தான் போட்டேன். எடுத்துப் பாரு, வந்து உன் கையை ஒடிப்பேன்" என்று கத்திவிட்டேன். அவள் மெதுவாக, "சரி அக்கா, எடுக்கல. ஏன்னு மட்டும் எழுதிக் கொடுங்க. புதுசா வந்தவங்க எல்லாரும் கேக்குறாங்க" என்றாள். இரண்டு பக்கம் போதும் என்றாள். இரண்டு பக்கத்தில் எனக்கு அடங்காது. முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவள் நான். எத்தனையோ நல்ல காரியமும் செய்திருப்பேன். அதில் ஒன்றுகூட இப்போது நினைவில் நிற்பதில்லை. ஒரே ஒரு மாதம்தான் நிற்கிறது.

எழுபதுகளில் பள்ளிக்கூடம் முடித்த கையோடு பீச் ஸ்திரீட்டில் ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீசில் சேர்ந்தேன். கம்ப்யூட்டர் படிக்கிற அட்டையில் ஓட்டை போடுகிற வேலை. ஒரு கூடத்தில் பதினாறு பெண்கள், பதினாறு மெஷின், காது செவிடாகிற சத்தம். அங்கே நான் கற்றது விரல் வேகமும் வாய் வேகமும்தான். நாலு வருடம் கழித்து ஜார்ஜ் டவுனில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆபரேட்டர் வேலை கிடைத்தது. டேப் மாற்றுவது, பிரிண்டருக்குக் காகிதம் வைப்பது, எந்த வேலை ஓடியது எது நின்றது என்று புத்தகத்தில் எழுதுவது. தொண்ணூறுகள் தொடங்கும்போது நான் சீனியர் ஆபரேட்டர். என் வாய்க்கு அந்தக் கட்டடமே பயப்படும். அதில் எனக்குப் பெருமை வேறு. வெட்கக்கேடு, என்ன செய்ய.

எங்கள் மேனேஜர் குலசிங்கம். யாழ்ப்பாணத்துக் குடும்பம். அப்பா, தாத்தா எல்லாரும் ரயில்வேயில் கிராணி, அதாவது குமாஸ்தா. அந்த ரத்தம் அவருக்கு அப்படியே இருந்தது. வெள்ளைச் சட்டை, பச்சை மைப் பேனா, ஒரு அடி ஸ்கேல். தினமும் காலை எட்டு பத்துக்கு ஆபரேட்டர் அவர் மேசைக்குப் பக்கத்தில் நின்று முந்தின நாள் புத்தகத்தை வாய்விட்டு வாசிக்க வேண்டும். அவர் வரிக்கு அடியில் ஸ்கேலை வைத்துக் கேட்பார். வரி முடிந்ததும் ஓரத்தில் பச்சை மையில் சின்னதாக ஒரு கையெழுத்து. அப்புறம்தான் ஸ்கேல் அடுத்த வரிக்கு இறங்கும். கோபம் வந்தாலும் குரல் ஏறாது. "இன்னொருக்கா வாசியும் பிள்ளை" என்பார். புத்தகத்தில் எழுதவில்லை என்றால் அது நடக்கவேயில்லை என்பது அவர் கட்சி. எழுதிவிட்டால் நடந்துவிட்டது என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

அந்தக் காலத்தில்தான் அலர்ஜி ரெஜிஸ்டர் கம்ப்யூட்டருக்கு வந்தது. அதற்கு முன்னால் யாருக்காவது ஒரு மருந்து ஒத்துக்கொள்ளாது என்று தெரிந்தால், அவர்கள் ஃபைல் அட்டையில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். ஆனால் அவசரத்துக்கு ஃபைல் கைக்கு வர அரை மணி நேரம் ஆகும். கம்ப்யூட்டரில் போட்டால் மருந்துக் கவுண்டரில் பெயரைத் தட்டினாலே தெரிந்துவிடும். நல்ல யோசனைதான், இல்லை என்று சொல்லமாட்டேன். ரெஜிஸ்டர் வந்ததும் சிவப்பு ஸ்டிக்கரை நிறுத்திவிட்டார்கள்.

அதைப் பாதுகாக்கிற முறையை மெஷின் விற்ற கம்பெனி இன்ஜினியர் சொல்லிக் கொடுத்தார். எந்த மாற்றம் செய்தாலும் கம்ப்யூட்டர் அதை முதலில் ஒரு நோட்டில் எழுதிவைக்கும். அதற்குப் பெயர் லாக். நோட்டு நிரம்பியதும் அதை மூடி, ஒரு கோப்பாக வேறொரு மெஷினில் இருக்கிற அலமாரிக்கு அனுப்பிவிட்டு, புது நோட்டைத் திறக்கும். மாதம் ஒன்றாம் தேதி மொத்த ரெஜிஸ்டரையும் டேப்பில் எடுத்தால் போதும். இடையில் டிஸ்க் போனால், ஒன்றாம் தேதி டேப்பை ஏற்றி, அலமாரியில் இருக்கிற நோட்டுகளை வரிசையாக அதன்மேல் ஓட்டினால், கடைசி நிலைமைக்கு வந்துவிடும். தினம் தினம் முழு டேப் எடுக்க வேண்டியதில்லை, இதுதான் அதிகம் மாறாத ரெஜிஸ்டர் ஆச்சே என்றார். எங்களுக்கும் நியாயமாகப் பட்டது.

முதல் இரண்டு மாதம் பழைய ஸ்டிக்கர்களை எல்லாம் உட்கார்ந்து டைப் அடித்தார்கள். ஆயிரக்கணக்கில் எண்ட்ரி. நோட்டு மளமளவென்று நிரம்பியது. காலையில் போனால் அலமாரியில் ஏழெட்டுக் கோப்பு காத்திருக்கும். அவற்றை டேப்பில் எடுத்துப் பக்கத்துக் கட்டடத்துப் பெட்டகத்துக்கு அனுப்புவேன். குலசிங்கம் சார் சோதனையும் செய்தார். வேறொரு டிஸ்கில் பழைய டேப்பை ஏற்றி, கோப்புகளை ஓட்டி, எண்ணிக்கை பார்த்தோம். ஒன்றுகூடக் குறையவில்லை. அபூர்வமாக அன்றைக்கு அவர் சிரித்தார்.

அப்புறம் பழைய வேலை முடிந்தது. ஒரு நாளைக்கு இரண்டு எண்ட்ரி வந்தால் உண்டு. இரண்டு எண்ட்ரிக்கு நோட்டு எங்கே நிரம்பும்? மாதக்கணக்காகும். நிரம்பாத நோட்டு மூடப்படாது, மூடாத நோட்டு அலமாரிக்குப் போகாது. ரெஜிஸ்டர் இருக்கிற அதே டிஸ்கில், அதே இடத்தில் திறந்தபடி கிடக்கும். டிஸ்க் போனால் இரண்டும் சேர்ந்துதான் போகும். இதை இப்போது சின்னக் குழந்தைக்குக்கூடச் சொல்லிப் புரியவைப்பேன். அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. தினமும் காலையில் அலமாரியைப் பார்ப்பேன், காலியாக இருக்கும், புத்தகத்தில் எழுதுவேன்: "அலர்ஜி ரெஜிஸ்டர். புதுக் கோப்பு இல்லை. ஓகே." வாசிப்பேன். ஸ்கேல் நகரும். பச்சை மை விழும்.

அந்த ரெஜிஸ்டரில் எண்ட்ரி போடுகிறவள் ரோகிணி. ரெக்கார்டு ரூம் கிராணி. இருபத்தாறு வயது, கடலுக்கு அந்தப் பக்கம் பட்டர்வொர்த்திலிருந்து தினம் ஃபெரியில் வருவாள். வார்டு மிஸ்ஸி, அதாவது நர்ஸ், ஒரு சீட்டில் பெயரும் மருந்தும் எழுதி அனுப்புவாள். ரோகிணி அதை டைப் அடித்து, சேவ் பட்டனை அமுக்குவாள். சேவ் ஆனால் மட்டும் திரையில் ஒரு வரிசை நம்பர் வரும். அதைச் சீட்டின் மூலையில் எழுதி, சீட்டை நோயாளியின் ஃபைலுக்குள் ஒட்டிவிடுவாள். வேலையில் படு சுத்தம். சும்மா சொல்லக் கூடாது, அந்தக் கட்டடத்தில் என்னைவிடச் சுத்தமாக வேலை செய்தவள் அவள் ஒருத்திதான். என்மேல் அவளுக்கு ஒரு மரியாதை. கம்ப்யூட்டர் பற்றித் தனா அக்கா சொல்லிவிட்டால் அதற்கு மேல் அப்பீல் இல்லை அவளுக்கு.

ஒரு மாதம் இருபதாம் தேதி காலையில் வந்து பார்த்தால், அறையைக் குளிரவைக்கிற ஏர்கோன் குழாய் ஒழுகி அலர்ஜி ரெஜிஸ்டர் டிஸ்க் பெட்டிக்குள் தண்ணீர். டிஸ்க் செத்துவிட்டது. எனக்குப் பதற்றமே இல்லை. இதற்குத்தானே முறை வைத்திருக்கிறோம்! வேறு டிஸ்க் மாட்டினார்கள். ஒன்றாம் தேதி டேப்பை ஏற்றினேன். ஓட்டுவதற்குக் கோப்பு எதுவும் இல்லை, ஆகவே வேலை சீக்கிரம் முடிந்தது. ரெஜிஸ்டர் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் திறந்தது. எண்ணிப் பார்த்தேன். ஆறாயிரத்து முந்நூற்றுத் தொண்ணூற்றேழு. ஒன்றாம் தேதி எழுதிவைத்த எண்ணிக்கையும் அச்சு அசலாக அதேதான். எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? பத்தொன்பது நாள் கழித்தும் அதே எண்ணிக்கை இருக்கிறதே, அது எப்படி என்று கேட்கிற புத்தி இல்லை. "முழுதும் மீட்கப்பட்டது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சாரும் போட்டார். மத்தியானம் மருந்துக் கவுண்டருக்குத் திறந்துவிட்டோம்.

நாலு நாள் கழித்து ரோகிணி போன் செய்தாள்.

"அக்கா, பிசியா? இந்த மாச ஆரம்பத்துல ஒரு தாத்தாவுக்கு சல்ஃபா மருந்து ஆகாதுன்னு போட்டேன். இப்ப தேடுறேன், காணோம் அக்கா."

எனக்கு அன்றைக்கு பிரிண்டர் தகராறு. கையெல்லாம் மை. "சேவ் பண்ணியா?" என்றேன்.

"பண்ணேன்னுதான் நினைக்கிறேன்."

"நினைக்கிறியா? நினைச்சா கம்ப்யூட்டர்ல ஏறிடுமா?"

"இல்லக்கா, நம்பர் வந்த மாதிரி ஞாபகம் இருக்கு. ஃபைலு வார்டுல இருக்கு, அதான் பார்க்க முடியல."

"மாதிரி! வந்திருந்தா அங்கே இருக்கும். மெஷின் என்ன, தின்னுட்டு ஏப்பமா விட்டுச்சு? நீ எங்கேயோ பராக்குப் பார்த்துக்கிட்டு அமுக்காம விட்டிருப்பே. திரும்பப் போடு. இந்தத் தடவை கண்ணைத் தொறந்து வச்சு அமுக்கு."

"சாரி அக்கா" என்றாள். போனை வைத்துவிட்டுப் புத்தகத்தில் எழுதினேன்: "ரெக்கார்டு ரூம் புகார். பயனர் சேவ் செய்யவில்லை. விளக்கப்பட்டது." மறுநாள் காலை அதையும் வாசித்தேன். ஸ்கேல் நகர்ந்தது.

அந்த போனில் ஒரு நிமிடம், ஒரே ஒரு நிமிடம், அந்தப் பெண் சொன்னதை நம்பியிருந்தால் போதும். எழுந்து போய் வார்டில் அந்த ஃபைலைப் பார்த்திருந்தால் போதும். மூன்று நாள் கையில் இருந்தது.

மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு விஜயாவை அவசரப் பிரிவுக்குக் கொண்டுவந்தார்கள். புக்கிட் தெங்காவில் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் வேலை. முப்பத்திரண்டு வயது, ஐந்து வயதில் ஒரு பெண் குழந்தை. தொண்டையில் சீழ் கட்டி, வாயைத் திறக்க முடியவில்லை, காய்ச்சல் அனலாக அடித்தது. புருஷன் லோரி ஓட்டுகிறவர், வெளியூர் போயிருந்தார். கூட வந்தது நாத்தனார். அவளுக்கு ஒன்றும் தெரியாது. அந்த மாதம் ஐந்தாம் தேதிதான் விஜயா அதே ஆஸ்பத்திரிக்குக் கால் புண்ணுக்கு வந்து, பென்சிலின் ஊசி போட்டு, உதடு வீங்கி மூச்சடைத்து, போராடிக் காப்பாற்றியிருந்தார்கள். இனிமேல் பயமில்லை, உங்கள் பெயர் கம்ப்யூட்டரில் ஏறிவிட்டது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

ஃபைல் வர நேரமாகும் என்று டாக்டர் மருந்துக் கவுண்டருக்கு போன் செய்து கேட்டார். கவுண்டரில் பெயரைத் தட்டினார்கள். "அலர்ஜி ஏதும் இல்லை" என்று வந்தது. பென்சிலின் ஊசி போட்டார்கள். அவள் கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொல்லப் பார்த்தாளாம். ஊசிக்குப் பயப்படுகிறாள் என்று நினைத்து நாத்தனார் கையைப் பிடித்துக்கொண்டாளாம். பதினொன்றுக்கு எல்லாம் முடிந்துவிட்டது.

மத்தியானம் மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. விஜயாவின் ஃபைலையும் ரெஜிஸ்டர் அச்சையும் கொண்டுவா என்று. ஃபைலை எடுக்க ரெக்கார்டு ரூமுக்கு நான்தான் போனேன். ரோகிணி நாற்காலியில் சுருண்டு உட்கார்ந்திருந்தாள். "அக்கா, அந்தத் தாத்தா மாதிரி இதையும் நான் சேவ் பண்ணாம விட்டுட்டேன் போல அக்கா" என்றாள். யாரும் கேட்காமலேயே அவள் அப்படிச் சொன்னாள். "அழாதே" என்று மட்டும் சொல்லிவிட்டு, அவள் பிரித்துக்கூடப் பார்க்காமல் வைத்திருந்த ஃபைலை வாங்கிக்கொண்டேன்.

என் இடத்துக்கு வந்து ஃபைலைப் பிரித்தேன். உள்ளே சீட்டு ஒட்டியிருந்தது. மூலையில் ரோகிணியின் கையெழுத்தில் நம்பர்: 6406. சேவ் ஆகாமல் நம்பர் வராது. அந்த நம்பரைத் திரையில் தட்டினேன். வேறு யாரோ ஒரு சீனக் கிழவியின் பெயர் வந்தது, மூன்று நாளைக்கு முன்னால் போட்ட எண்ட்ரி. பாவி, நம்பரையும் தப்பாக எழுதியிருக்கிறாளே என்றுதான் முதலில் நினைத்தேன். கடவுளே, அப்போதும் அவளைத்தான் நினைத்தேன். வார்டுக்குப் போய் அந்தத் தாத்தா ஃபைலைப் பார்த்தேன். அதிலும் நம்பர் இருந்தது. திரையில் அதுவும் வேறு ஆள். அந்த மாதத்து முதல் வாரத்து ஃபைல் இன்னும் இரண்டு எடுத்தேன். எல்லாவற்றிலும் நம்பர், எல்லா நம்பரிலும் வேறு ஆள்.

அப்போதுதான் என் மரமண்டைக்கு ஏறியது. நான் மீட்டது ஒன்றாம் தேதி ரெஜிஸ்டரை. அதற்குப் பிறகு பத்தொன்பது நாள் ரோகிணி போட்டதெல்லாம் அலமாரிக்குப் போகாத நோட்டில் இருந்து, டிஸ்கோடு போய்விட்டது. மீட்ட பிறகு கம்ப்யூட்டர் ஒன்றாம் தேதி விட்ட இடத்திலிருந்து நம்பரைத் திரும்ப எண்ணத் தொடங்கி, போனவர்களுடைய நம்பரைப் புதிதாக வந்தவர்களுக்குக் கொடுத்திருக்கிறது. நேரே குலசிங்கம் சார் அறைக்குப் போனேன்.

சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டார். புத்தகத்தை எடுத்து என் முன்னால் வைத்தார். ஸ்கேலை எடுத்தார். "ஒண்டாம் திகதியிலிருந்து வாசியும் பிள்ளை" என்றார்.

"புதுக் கோப்பு இல்லை. ஓகே." ஸ்கேல் நகர்ந்தது. "புதுக் கோப்பு இல்லை. ஓகே." ஆறாவதில் நிறுத்திவிட்டேன். "வாசியும்" என்றார். பத்தொன்பதையும் வாசித்தேன். அதில் பதினாறு என் கையெழுத்து. ஒவ்வொன்றின் ஓரத்திலும் பச்சை மை.

"இந்தப் பத்தொன்பது நாளும் அந்தப் பிள்ளை வேலைக்கு வந்தவவோ?"

"வந்தா சார்."

"எண்ட்ரி போட்டவவோ?"

"போட்டா சார். நாலஞ்சு தடவை நம்மகிட்ட போன்ல பேசினா. எனக்குத் தெரியும் போடுறான்னு."

"அப்ப கோப்பு ஏன் வரேல்லை எண்டு நீரும் கேட்கேல்லை, நானும் கேட்கேல்லை" என்றார். பேனாவை மூடி வைத்தார்.

அன்றைக்கே இரண்டு பேரும் உட்கார்ந்து, அந்தப் பத்தொன்பது நாளில் வந்துபோன ஒவ்வொருவருடைய ஃபைலையும் பிரித்து, சீட்டு இருந்த அத்தனை பெயரையும் திரும்ப ஏற்றினோம். முப்பத்தெட்டுப் பேர். முப்பத்தேழு பேருக்கு ஒன்றும் ஆகவில்லை. சிலர் அதைச் சொல்லி என்னைத் தேற்றப் பார்த்தார்கள். விஜயாவின் குழந்தைக்குப் போய் அந்தக் கணக்கைச் சொல்லச் சொல்லுங்கள்.

சார் நாலு பக்கம் அறிக்கை எழுதினார். மறைக்கவில்லை. தன் பெயரைத்தான் முதலில் போட்டிருந்தார். மேலே கொண்டுபோய்க் கொடுத்தார். ஒரு வாரம் கழித்து அவரைக் கூப்பிட்டார்கள். இதெல்லாம் டெக்னிக்கல் விஷயம், படிக்கிறவர்களுக்குப் புரியாது, வக்கீல் பார்த்துக்கொள்வார், இனிமேல் இதைப் பற்றி யாரும் பேசக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அவர்களுக்கு அதைவிடச் சுலபமாக ஒன்று கையில் இருந்தது. 6406 வேறொருவருடைய நம்பர், ஆக கிராணி எழுதியது தப்பு நம்பர். அதோடு என் புத்தகத்தில் என் கையால் எழுதிய வரி: "பயனர் சேவ் செய்யவில்லை." இதற்கெல்லாம் மேலே, ரோகிணியே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வாக்குமூலம். சேவ் செய்ய மறந்திருக்கலாம், முன்பும் ஒரு தடவை அப்படி நடந்ததாக சீனியர் ஆபரேட்டர் சொன்னார் என்று எழுதிக் கொடுத்திருந்தாள். அடுத்த மாதத்தோடு அவளை வேலையை விட்டுப் போகச் சொல்லிவிட்டார்கள்.

நான் வாயைத் திறக்கவில்லை. ஊரையே அதட்டிய வாய்! சார் சொல்லியாகிவிட்டது, நான் வேறு எதற்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். பயம்தான், வேறு ஒன்றும் இல்லை. வேலை போய்விடும், பேப்பரில் பெயர் வரும், என் பிள்ளைகள் தெருவில் தலைகாட்ட முடியாது என்கிற பயம். ரோகிணி மேசையைக் காலி செய்த அன்றைக்கு நான் லீவு போட்டேன்.

நோட்டு நிரம்பினாலும் நிரம்பாவிட்டாலும் மணிக்கு ஒரு தடவை அதை மூடி அனுப்புகிற மாதிரி நான்தான் மாற்றி வைத்தேன். காலியாகப் போனாலும் போகட்டும், ஒரு மணி நேரம் கோப்பு வரவில்லை என்றால் மணி அடிக்கும். வசந்தி கேட்டதற்குப் பதில் இவ்வளவுதான். குலசிங்கம் சார் அந்த வருடமே ஓய்வு வாங்கிக்கொண்டார். அதற்கப்புறம் காலை எட்டு பத்து வாசிப்பு நின்றுபோனது. அவர் சாவுக்குப் போனேன். அங்கேயும் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை.

வசந்தியோடு பேசிய அடுத்த நாள், எங்கெங்கோ விசாரித்து ரோகிணியின் வீட்டைக் கண்டுபிடித்தேன். செபராங் ஜெயாவில் ஒரு தாமான் குடியிருப்பில், மூலை வீடு. பஸ் பிடித்துப் போனேன். கேட்டைத் திறந்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது அவளுக்கு. "தனா அக்காவா! ஐயோ, உள்ளே வாங்க வாங்க, வெயில்ல நிக்கிறீங்களே" என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போனாள். கோப்பி போட்டுக் கொடுத்தாள். ஆஸ்பத்திரிக்குப் பிறகு அவள் எந்த ஆபீசிலும் சேரவில்லையாம். ஜுருவில் ஒரு தொழிற்சாலையில் பெட்டி அடுக்குகிற வேலை, இருபத்தி இரண்டு வருடம். "எழுதுற வேலை நமக்கு வேணாம்னு விட்டுட்டேன் அக்கா" என்று சாதாரணமாகச் சொன்னாள்.

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. டிஸ்க், டேப், நோட்டு எல்லாவற்றையும் சொன்னேன். குழறிக் குழறித்தான் சொன்னேன். அவள் அசையாமல் கேட்டாள்.

"அப்ப நான் சேவ் பண்ணேனா?"

"பண்ணே."

"சீட்டுல நம்பர் எழுதியிருந்தேனா?"

"எழுதியிருந்தே. உன் கையெழுத்து. என் கண்ணால பார்த்தேன்."

"எப்ப பார்த்தீங்க?"

இந்தக் கேள்விக்குப் பயந்துதான் இத்தனை வருடம் வராமல் இருந்தேன் போல. "அன்னைக்கே" என்றேன்.

திட்டுவாள், அடிப்பாள் என்று பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எங்கம்மா சாகுற வரைக்கும் கேட்டாங்க அக்கா. நீ நிசமா அமுக்கலையாடின்னு. இல்லம்மா, அமுக்கலன்னு சொன்னேன். விஜயா திதிக்கு வருசா வருசம் போவேன். அந்த வீட்டு வாசல்ல நிப்பேன். உள்ளே வான்னு யாரும் சொன்னதில்ல. அந்தப் பொண்ணு பெருசானப்புறம் ஒரு தடவை கேட்டா, ஒரு பட்டனை அமுக்க உங்களுக்கு என்னா கஷ்டம்னு. கையெடுத்துக் கும்பிட்டுட்டு வந்துட்டேன்."

"நான் வர்றேன் ரோகிணி. அந்தப் பொண்ணுகிட்ட நானே சொல்றேன். இப்பவே போவோம், வா."

அவள் தலையை ஆட்டினாள். வேண்டாம் என்றா, கேட்கவில்லை என்றா, தெரியவில்லை. என் முகத்தைப் பார்க்காமல், தன் வலது கையைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"எனக்கு நல்லா ஞாபகம் இருந்துச்சு அக்கா. அமுக்குனேன், நம்பர் வந்துச்சு, எழுதுனேன். எல்லாம் இருந்துச்சு. நீங்க போன்ல, அமுக்கியிருக்க மாட்டேன்னு சொன்னீங்க. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நம்புனேன். கொஞ்ச நாள்ல அந்த ஞாபகமே போயிடுச்சு. இப்ப நீங்க வந்து அமுக்குனேன்னு சொல்றீங்க, நானும் அப்பயிருந்து யோசிச்சுப் பார்க்கிறேன். அமுக்காம விட்டதுதான் ஞாபகம் வருது."